எட்டாத தட்டு: செய்து கற்கும்போது சிந்தனை எங்கே பிறக்கிறது?

திண்டுக்கல் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. வகுப்பறை வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு குவிந்து கிடக்கும். கடைசி மணி அடித்ததும் ஒரே தள்ளுமுள்ளு. ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பிய பிள்ளைகள் உண்டு. நாய் கவ்விப்போன செருப்புகளும் உண்டு. ஒருநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டுவிட்டு, பழைய அட்டைப்பெட்டி, சணல் கயிறு, மூங்கில் குச்சி, பசை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். முதல் அரைமணி நேரத்தில் எல்லாக் குழுக்களும் ஒரே படத்தைத்தான் வரைந்தன. கோயில் வாசலில் பார்த்த நான்கடுக்குச் செருப்பு அலமாரி. அப்போது ஒரு பெண் தன் குழுவின் படத்தில் விரலை வைத்து, "மேல் தட்டு ஒண்ணாப்புப் பிள்ளைக்கு எட்டாதே" என்றாள். "அப்ப கீழ்த்தட்டு அவங்களுக்கு" என்றான் பக்கத்தில் இருந்தவன். "மழைன்னா மேல இருக்குற செருப்புல இருந்து சேறு கீழ சொட்டுமே. சின்னப் பிள்ளைங்க செருப்பு மேலயா?" என்றாள். அவனிடம் பதில் இல்லை. ரப்பரை எடுத்துப் படத்தை அழித்தார்கள்.

அந்தப் பெண் ஒரே மூச்சில் இரண்டு வேலை செய்தாள். இல்லாத ஒரு பொருளை மனதில் நிறுத்திப் பார்த்தாள். பிறகு தன்னைவிடச் சிறிய ஒரு பிள்ளையின் உயரத்திலிருந்து அதைச் சோதித்தாள். முன்னதைப் படைப்புச் சிந்தனை என்றும் பின்னதை விமர்சனச் சிந்தனை என்றும் கல்வி நூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் பேசுகின்றன. மேசையின் மேல் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. ஆனால் அலமாரியின் படத்தை நாங்களே கரும்பலகையில் வரைந்து, "இதை அட்டையில் செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தக் கேள்வி எழுந்திருக்குமா? கைகள் அதே அளவு உழைத்திருக்கும். பசையும் அதே அளவு ஒட்டியிருக்கும். அலமாரிகூட இன்னும் நேர்த்தியாக வந்திருக்கும். யோசிக்க வேண்டியதை மட்டும் முன்னதாக நாங்கள் யோசித்து முடித்திருப்போம்.

எதைச் செய்வது, யாருக்காக, எந்தப் பொருளால், எப்போது அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது ஆகியவற்றைத் தீர்மானிக்கும் பொறுப்பு பிள்ளையின் கையில் இருக்கும் அளவுக்குத்தான் வடிவமைப்புக் கல்வியில் சிந்தனை வளர்கிறது என்பது என் துணிபு. செய்து கற்கும் கல்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தீர்மானித்தது யார் என்ற கேள்வியோடு அதைப் படிக்கும்போது, ஒவ்வொரு முயற்சியும் எங்கே வென்றது, எங்கே வழுக்கியது என்பது தெரிகிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் என்றால் நம் பிள்ளைகளுக்கு உடனே நினைவுக்கு வருவது கைப்பேசியும் கணினியும்தான். மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஆய்வாளர்கள் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் விசாரித்தபோதும் இதே சாய்வைத்தான் கண்டார்கள். மின்சாரத்தில் ஓடுவதும் புதிதாக வந்ததும்தான் தொழில்நுட்பம் என்ற எண்ணம். முறம், ஏற்றம், அரிவாள்மனை, கொடியில் துணி உலர்த்தும் கிளிப் எல்லாம் யாரோ ஒருவர் ஒரு தேவையைக் கண்டு, பொருளைத் தேர்ந்து, பலமுறை திருத்தி உண்டாக்கியவை என்பது பாடப்புத்தகத்தில் வருவதில்லை. அரிவாள்மனையில் காய் நறுக்கும் பாட்டி உட்காரும் விதத்துக்கும் அந்தப் பலகையின் நீளத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒரு பிள்ளை கேட்கத் தொடங்கினால் அதுவே தொழில்நுட்பக் கல்வியின் முதல் பாடம்.

இனி வரலாறு. பிரெட்ரிக் ஃப்ரோபெல் 1837இல் ஜெர்மனியில் தொடங்கிய சிறுவர் பள்ளியிலிருந்துதான் கிண்டர்கார்ட்டன் முறை வளர்ந்தது. அவர் உருவாக்கிய மரக்கட்டைகளோடு சிறுவயதில் விளையாடியதைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் கடைசிவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஃப்ரோபெல் வழியில் வந்த ஊனோ சிக்னேயஸின் முயற்சியால், பின்லாந்து 1866இல் கைவேலையைப் பொதுப் பள்ளிக்கூடத்தின் பாடமாக்கியது. அண்டை நாடான ஸ்வீடனில், நாஸ் என்ற இடத்தில், ஓட்டோ சாலமன் அதை ஒரு முறையாக வகுத்தார். ஸ்லாய்ட் என்று அதற்குப் பெயர். பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போனார்கள்.

சாலமனின் முறையைச் சற்று நின்று பார்க்கலாம். எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும் மாதிரிப் பொருள்களின் வரிசை ஒன்றை அவர் வைத்திருந்தார். பூச்செடிக்கு ஒரு முட்டுக்குச்சி, ஒரு மரக்கரண்டி, ஒரு சுத்தியல் கைப்பிடி என்று அது போகும். செய்பவை யாவும் வீட்டுக்குப் பயன்பட வேண்டும், பிள்ளை தானே முழுமையாகச் செய்ய வேண்டும், அவசரம் கூடாது என்பதெல்லாம் விதிகள். உளியைப் பிடிக்கும் கைக்கும் மரத்தின் இழையைப் பார்க்கும் கண்ணுக்கும் இதைவிட நல்ல பயிற்சியை நினைப்பது கடினம். ஆனால் கரண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதை நாஸில் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். பிள்ளையின் வேலை அதன் அருகே போவது மட்டும்தான். இந்தக் குறை பின்லாந்துக்குப் புரியாமல் போகவில்லை. 2014இல் வகுக்கப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுப் பாடத்திட்டம், துணி வேலையையும் மர, உலோக வேலையையும் ஆண், பெண் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் ஒரே பாடமாக்கியது. எண்ணுவது, வரைவது, செய்வது, மதிப்பிடுவது என்ற முழுச் சுற்றையும் பிள்ளையே கடக்க வேண்டும் என்று அது கேட்கிறது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி பள்ளியைத் தாண்டி வாழ்க்கையைத் தொட்டது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி பிறந்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தை வகுத்தது. அதன் அமைப்பாளராக இருந்தவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். சாந்திநிகேதனில் தாகூரோடு பணியாற்றிவிட்டு வார்தாவுக்கு வந்தவர். அவரும் அவர் துணைவி ஆஷா தேவியும் பல ஆண்டுகள் சேவாகிராமத்தில் இருந்து இந்தக் கல்வியை வளர்த்தார்கள். ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் மூன்று மணி இருபது நிமிடத்தைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கியது அந்தக் குழு. தக்ளி என்ற கைக்கதிரில் நூல் நூற்கும்போதே கணக்கும், பருத்தி விளையும் மண்ணின் புவியியலும், பஞ்சுக்கும் ஈரப்பதத்துக்கும் உள்ள உறவும் பாடமாக வேண்டும் என்பது அதன் கனவு. புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் ஆங்கிலேயர் காலப் பள்ளிக்கு அது பெரிய மாற்று. உழைக்கும் கையைப் பள்ளிக்குள் மரியாதையோடு உட்கார வைத்தது.

ஆனால் அதற்குள் ஒரு முரண் இருந்தது. பிள்ளைகள் செய்வதை விற்று ஆசிரியர் சம்பளத்துக்கு வழி காண வேண்டும் என்று காந்தி விரும்பினார். பேராசிரியர் கே.டி. ஷா போன்றவர்கள் அப்போதே இதை எதிர்த்தார்கள். விற்க வேண்டிய நூலில் பிசகுக்கு இடமில்லை. பிசகக் கூடாது என்றால் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கவும் இடமில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒரு நாள் முழுக்கத் தக்ளியின் தண்டைக் கனமாக்கியும் இலேசாக்கியும் பார்த்து நூலை அறுத்துக்கொண்டே இருந்தால், அன்றைய உற்பத்தி பூஜ்யம். அன்றைய படிப்போ மிகப் பெரியது. இவ்விரண்டில் எதைப் பள்ளி மதிக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்து வந்தது தமிழ்நாட்டு நினைவில் ஆறாத தழும்பு. 1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து இரண்டு முறைகளாக நடத்தச் செய்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்துப் போராடினார். திராவிட இயக்கத்தார் மட்டுமல்லாமல் காங்கிரஸுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு முழுக்க முழுக்க நியாயமானது. தீர்மானிப்பது யார் என்ற கேள்விக்கு அந்தத் திட்டம் கொடுத்த பதில் பிறப்பு. சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவி வைக்கவும், முடி திருத்துபவரின் மகன் கத்தி தீட்டவும் மீதி நாளை ஒதுக்கிய ஏற்பாட்டைக் கல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் போராட்டத்தின் நிழலில் வேறொன்றும் நடந்தது. கையால் செய்வது எல்லாமே நம் பள்ளிகளில் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. கோத்தாரிக் குழு 1966இல் பணி அனுபவம் வேண்டும் என்றது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி என்று அதற்குப் புதுப் பெயர் கொடுத்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. நான் படித்த பள்ளியிலும் கால அட்டவணையில் கைத்தொழில் பீரியட் இருந்தது. அதைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். பின்கட்டில் ஒரு தறி இருந்தது. அதன் மேல் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு முறைகூட அதில் பாவு ஓடி நான் பார்க்கவில்லை. அந்தத் தறியைத் தொட்டுப் பார்க்க எனக்கு இருந்த ஆசை இன்றும் மனதில் இருக்கிறது.

குலக்கல்விக்கு நேர் எதிரானது வடிவமைப்புக் கல்வி என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துணியை எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்பது தையல்காரர் மகளுக்குத் தெரியும். வழக்கமான வகுப்பில் அந்த அறிவுக்கு மதிப்பெண் கிடையாது; அவளே அதை மறைக்கப் பழகிவிடுகிறாள். பை ஒன்றை வடிவமைக்கும் வகுப்பில் அவள் சொல்வதைக் கேட்க நான்கு பேர் சூழ்ந்து நிற்பார்கள். அதே நேரம் அவள் தையலோடு நின்றுவிட வேண்டியதில்லை. ரம்பத்தை எடுப்பாள், மின்கம்பியை முறுக்குவாள். வீட்டில் சுத்தியலையே தொடாத பிள்ளையும் ஆணி அடிக்கப் பழகும். எல்லாக் கைகளும் எல்லாப் பொருளையும் தொடும்போதுதான், தோலுக்கும் மண்ணுக்கும் நம் சமூகம் ஒட்டிவைத்த சாதி முத்திரை மெல்லக் கழன்று விழும்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பெயரிலேயே ஒரு பாடத்தை நாடு முழுவதும் கட்டாயமாக்கித் துணிந்து பார்த்தது இங்கிலாந்து. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து 1990இல், 5 வயது முதல் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வந்தது. தேவையைக் கண்டறிதல், வடிவத்தை உருவாக்குதல், திட்டமிட்டுச் செய்தல், மதிப்பிடுதல் என்று நான்கு இலக்குகள். மரப்பட்டறை ஆசிரியரும் சமையல் ஆசிரியையும் ஒரே பாடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு முன்பே தொடங்கி, 1985 முதல் 1991 வரை, லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ரிச்சர்ட் கிம்பெல், கே ஸ்டேபிள்ஸ் முதலியோர் 15 வயது மாணவர்கள் ஏறத்தாழ 10,000 பேரின் வடிவமைப்புத் திறனை ஆராய்ந்திருந்தார்கள். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என் மனதை மிகவும் பிடித்துக்கொண்டது அந்த ஆய்வின் ஒரு முடிவு. பிரச்சினை, யோசனை, தேர்வு, செய்முறை, மதிப்பீடு என்று படிப்படியாக நேர்கோட்டில் சிந்தனை நடப்பதில்லை. மனதில் முதலில் தோன்றுவது வெறும் மங்கல். அதைக் கை காகிதத்தில் இழுக்கிறது. இழுத்ததைக் கண் பார்த்ததும் மனம் சற்றுத் தெளிகிறது. தெளிந்தது மறுபடி கைக்கு வருகிறது; இம்முறை அட்டையில் ஒரு சிறு மாதிரியாக. அது நிற்காமல் சாய்கிறது. ஏன் என்று மனம் கேட்கிறது. இப்படி மனமும் கையும் மாறி மாறிப் பேசிக்கொள்வதுதான் வடிவமைப்பு. செருப்பு அலமாரியில் நாங்கள் பார்த்ததும் அதுதான். படம் காகிதத்துக்கு வராதவரை, மேல் தட்டு எட்டாது என்பது அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

இவ்வளவு நல்ல புரிதலோடு தொடங்கியும் அந்தப் பாடம் தடுமாறியது. 1992இலேயே ஆலன் ஸ்மிதர்ஸ், பமீலா ராபின்சன் இருவரும் எழுதிய அறிக்கை, பாடத்தின் எல்லை எது என்றே தெரியாமல் ஆசிரியர்கள் திண்டாடுவதைச் சுட்டிக்காட்டியது. அதைவிட ஆழமான நோய் மதிப்பெண்ணால் வந்தது. யோசனை வளர்ந்த விதத்தைக் காட்டும் ஏட்டுக்கு மதிப்பெண் உண்டு என்றதும், பிள்ளைகள் முதலில் பொருளைச் செய்து முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து, யோசித்ததுபோல் மூன்று நான்கு படங்களை அழகாக வரைந்து ஏட்டில் சேர்க்கத் தொடங்கினார்கள். சிந்தனையின் சுவடு சடங்காயிற்று. 2004இல் 14 வயதுக்கு மேல் அந்தப் பாடம் விருப்பப் பாடமானது. அதன்பின் தேர்வு எழுதுவோர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்துவிட்டது.

இந்த நோய்க்குக் கிம்பெல் குழுவே ஒரு மருந்தும் தேடியது. பிள்ளைகள் வேலை செய்யும்போதே சிறு கருவியில் படம் எடுத்தும் குரலைப் பதிந்தும் தங்கள் யோசனையை உடனுக்குடன் சேமிக்க வேண்டும். பிறகு ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேரின் பதிவுகளை ஒப்பிட்டு எது மேல் என்று சொல்லிச் சொல்லி ஒரு வரிசைக்கு வர வேண்டும். பின்னால் உட்கார்ந்து பொய்யாக வரைய அங்கே வழியில்லை. நம் ஊர் ஆசிரியர் கையில் இருக்கும் சாதாரணக் கைப்பேசியே இதற்குப் போதும்.

இங்கிலாந்திலேயே டேவிட் பார்லெக்ஸ் வழிகாட்டிய ஒரு திட்டம் இன்னும் துணிந்தது. 14 வயதுப் பிள்ளைகளிடம், நீங்கள் எதையும் செய்ய வேண்டாம், எதிர்காலத்துக்கான ஒரு பொருளை வடிவமைத்து, அது ஏன் வேண்டும் என்று வாதாடினால் போதும் என்றது. பள்ளிப் பட்டறையில் செய்ய முடிந்ததை மட்டும் யோசிக்கும் கட்டு அதனால் அவிழ்ந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பொருந்தும். சிறியவர்களுக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. அவர்களோடு எதிர்த்து வாதாடுவது அட்டையும் பசையும்தான். ஆசிரியர் தவறு என்றால் முகம் சுருங்கும் பிள்ளை, அட்டை மடங்கி விழுந்தால் முகம் சுருங்காமல் மறுபடி எடுக்கிறது.

இதெல்லாம் உண்மையிலேயே சிந்தனையை வளர்க்கிறதா, அல்லது நம் ஆசைதானா? இதற்கு விடை தேடிய ஆய்வுகள் எளிதான ஆறுதலைத் தரவில்லை. சைமர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் 1967இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். திரையில் ஓர் ஆமையை நகர்த்தி வரையும் பிள்ளை, தன் பிழையைத் தானே தேடித் திருத்தி, சிந்திக்கக் கற்கும் என்று 1980இல் வந்த தம் நூலில் பேப்பர்ட் நம்பிக்கையோடு எழுதினார். 1984இல் நியூயார்க்கைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் குர்லண்ட் இருவரும் ஒரு வருடம் லோகோ பழகிய பிள்ளைகளிடம் ஒரு சோதனை வைத்தார்கள். கரும்பலகை துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது முதலிய வகுப்பறை வேலைகளைக் குறைந்த நடையில் முடிக்கத் திட்டமிட வேண்டும். லோகோ தெரிந்தவர்கள் தெரியாதவர்களைவிட மேலாகச் செய்யவில்லை. நான்கு ஆண்டு கழித்து டேவிட் கிளார், ஷேரன் கார்வர் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். பிழை தேடும் வழியை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தபோது, பிள்ளைகள் அதே வழியைக் கணினிக்கு வெளியே, எழுதிய குறிப்புகளில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கவும் கையாண்டார்கள்.

இதன் பொருள் ஆசிரியருக்குப் பெரியது. கருவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் போதாது. "எட்டாதுன்னு சொன்னியே, அது எப்படி உனக்குத் தோணுச்சு?" என்று கேட்டு, "வேற யார் கண்ணால பார்க்கலாம்?" என்று அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக ஒருவர் வேண்டும். அந்தப் பழக்கத்துக்குப் பெயர் கிடைத்தால்தான் அது செருப்பிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கும், குழாயிலிருந்து கட்டுரை வகுப்புக்கும் நகரும்.

அதிகம் சொல்வதிலும் ஆபத்து உண்டு. 2011இல் எலிசபெத் பொனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பள்ளி வயதுக்கு வராத சிறு குழந்தைகளுக்கு ஒரு விசித்திர பொம்மை கொடுத்தார்கள். இழுத்தால் கீச்சிடும் குழாய், ஒளிரும் பகுதி, இசைக்கும் பகுதி, ஒளித்து வைத்த கண்ணாடி என்று நான்கு சங்கதி அதில். "இது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறேன் பார்" என்று பெரியவர் கீச்சொலியை மட்டும் காட்டிக்கொடுத்த குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். மற்றவற்றைத் தேடியது குறைவு. தற்செயலாகப் பட்டதுபோல் காட்டியபோது குழந்தைகள் துருவித் துருவித் தேடினார்கள். பெரியவர்களும் இதற்கு விலக்கு அல்ல. 1991இல் டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் இருவரும் பொறியியல் மாணவர்களிடம் சிந்தாத காப்பிக் குவளை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். உறிஞ்சுகுழல் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். ஆனால் உறிஞ்சுகுழல் உள்ள மாதிரிப் படத்தைப் பார்த்தவர்கள் பலர் தங்கள் குவளையிலும் அதை வைத்துவிட்டார்கள். திண்டுக்கல் பள்ளியில் கோயில் அலமாரிதான் அந்த மாதிரிப் படம். யாரும் காட்டாமலே அது பிள்ளைகளின் கண்ணுக்குள் இருந்தது. அதை உடைத்தது ஒரு புதிய யோசனையல்ல, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையின் கை நீளம். மற்றொருவரின் தேவையை உள்ளே கொண்டுவருவதுதான் மாதிரியின் பிடியைத் தளர்த்தச் சிறந்த வழி என்று நான் நம்புவது இதனால்தான்.

தேவையைக் காண்பது தனியே ஒரு திறமை. திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர் கரியை எரித்துக் கொட்டுவதைப் பார்த்துச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020இல் ஸ்வீடனில் வழங்கப்படும் சிறுவர் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. எல்லாருக்கும் பழகிப்போன வண்டியில் மாற்ற ஒன்று இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியதே, அதுதான் என்னைக் கவர்கிறது.

இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி பற்றிய ஒழுங்கான ஆய்வைச் சித்ரா நடராஜனும் சுக்ரா சுனாவாலாவும் ஹோமி பாபா மையத்தில் தங்கள் மாணவர்களோடு நடத்தினார்கள். பை ஒன்றைச் செய்வது, எடையைத் தூக்கும் காற்றாலை ஒன்றைச் செய்வது, பொம்மலாட்டம் நடத்துவது என்று மூன்று வேலைகள். நகரத்து ஆங்கிலவழிப் பள்ளி, நகரத்து மராத்திவழிப் பள்ளி, பழங்குடிப் பகுதிப் பள்ளி என்று மூன்று இடங்களில் அவற்றை நடத்திப் பார்த்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், எந்தச் சூழலிலும் இதை நடத்த முடியும் என்பதே அதில் நமக்கான செய்தி.

கருவியின் விலை பற்றிப் பேசினால் அரவிந்த் குப்தா நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு தொடர்பு கொண்டபோது, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்துக் கட்டுமானப் பொருள் ஒன்றை உருவாக்கினார். டியூபைச் சிறு துண்டாக வெட்டி, இரு முனையிலும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் முகாம்களில் இதைப் பிள்ளைகளோடு பலமுறை செய்திருக்கிறேன். முதலில் எல்லாரும் சதுரம்தான் செய்வார்கள். மேசையில் நிறுத்தினால் அது ஒரு பக்கம் படுத்துவிடும். நிமிர்த்துவார்கள், மறுபடி படுக்கும். ஒரு குழந்தை எரிச்சலில் ஒரு குச்சியைக் குறுக்கே கொடுத்துச் செருகப் பார்க்கும். குச்சி நீளம் போதாது. இரண்டை இணைத்து, அளவுக்கு உடைத்துச் செருகும். சதுரம் விறைத்து நின்றுவிடும். முக்கோணம் அசையாது என்ற வரியைப் புத்தகத்தில் படித்த பிள்ளைக்கும், அதைத் தன் எரிச்சலிலிருந்து கண்டெடுத்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை, பஸ்ஸில் போகும்போது மின்கோபுரத்தைச் சுட்டிக்காட்டி "அங்க பாருங்க சார், குறுக்குக் குச்சி" என்று கத்தும் குரலில் கேட்கலாம்.

புணே மாவட்டம் பாபல் கிராமத்தில் விஞ்ஞானி எஸ்.எஸ். கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம் இன்னொரு வழியைக் காட்டியது. வெல்டிங்கும் விவசாயமும் வீட்டுச் சுகாதாரமும் பள்ளிப் பாடமாயின. செய்த வேலை கிராமத்துக்குப் பயன்பட்டது. அமெரிக்காவின் எம்ஐடிக்கு வெளியே தொடங்கிய முதல் ஃபேப் லேப்களில், அதாவது கணினிவழிப் பொருள் செய்யும் பட்டறைகளில், ஒன்று 2002இல் அங்கேதான் வந்தது. வார்தாவின் கனவு அங்கே சம்பளக் கணக்கின் சுமையிலிருந்து விடுபட்டு நிற்கிறது.

இன்று பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2016இல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் பள்ளி ஒன்றுக்கு ரூ.20 லட்சம் வரை கிடைக்கிறது. ஏறத்தாழ 10,000 ஆய்வகங்கள் வந்துவிட்டன. இன்னும் 50,000 அமைக்கப்படும் என்று 2025 வரவுசெலவு அறிக்கை சொல்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரமும் சென்சார்களும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் கைக்கு எட்டுவது பெரிய விஷயம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நான் பார்த்த ஓர் ஆய்வகத்தில் கோட்டைப் பின்தொடரும் வண்டிகள் எட்டு இருந்தன. எட்டும் ஒரே நிறம், ஒரே வயர், ஒரே வேகம். பெட்டியோடு வந்த கையேட்டின்படி செய்தவை. "இது எதுக்குப் பயன்படும்?" என்று கேட்டேன். "எக்ஸிபிஷனுக்கு சார்" என்றான் பையன். ஓட்டோ சாலமனின் மரக்கரண்டி, நூற்றைம்பது ஆண்டு கழித்து, பேட்டரியோடு வந்திருந்தது. குறை பையனிடமும் இல்லை, ஆசிரியரிடமும் இல்லை. பாடச்சுமைக்கு நடுவே வாரத்துக்கு ஒரு பீரியட்டில், ஆண்டு முடிவதற்குள் காட்சிக்கு வைக்க ஒன்று வேண்டும் என்றால், கையேடுதான் வழி.

தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், 13,000க்கும் மேற்பட்ட அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் எளிய பொருள்களால் அறிவியல், கணிதச் சோதனைகளைக் கொண்டுசென்றது. பிள்ளைகளே ஊர்ப் பிரச்சினையைத் தேடித் தீர்வு காணும் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டமும் நடக்கிறது. இவை சரியான திசை. சோதனையைச் செய்து காட்டுவதிலிருந்து, எதைச் சோதிப்பது என்று பிள்ளையைக் கேட்பதற்கு ஓர் அடிதான் தூரம். அந்த அடிக்கு நேரம் வேண்டும். தொடர்ந்து இரண்டு பீரியட், அதுவும் பல வாரங்களுக்கு. ஐம்பதாவது நிமிடத்தில் அழிக்க வேண்டிய படத்தை நாற்பதாவது நிமிடத்தில் மணி அடித்து நிறுத்தினால் அழிக்கவே முடியாது.

சர்வதேச ஒப்பீட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வு 2022இல் முதன்முறையாகப் படைப்புச் சிந்தனையை அளந்தது. சிங்கப்பூர் மாணவர்கள் 60க்கு 41 புள்ளிகளோடு முதலிடம் பெற்றார்கள். ஓஇசிடி நாடுகளின் சராசரி 33. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கட்டாயப் பாடம். இதைக் காரணமும் விளைவுமாக நான் கட்டமாட்டேன். கணிதத்திலும் அவர்கள்தான் முதலிடம். ஆனால் தேர்வுக்கு உயிரை விடும் ஒரு சமூகம்கூடப் பட்டறையை மூடாமல் வைத்திருக்க முடிகிறது என்பதை நாம் கவனிக்கலாம்.

திண்டுக்கல் பள்ளிக்கு ஆறு வாரம் கழித்து மறுபடி போனேன். அலமாரியை அவர்கள் கைவிட்டிருந்தார்கள். வராந்தாச் சுவரில் கயிற்றைச் சரிவாகக் கட்டி, கம்பிக் கொக்கிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒண்ணாம் வகுப்புக்குத் தாழ்வாகவும் எட்டாம் வகுப்புக்கு உயரமாகவும் கயிறு ஏறிச் சென்றது. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு ஜோடி. சேறு சொட்டினாலும் கீழே தரைதான். மூன்றாவது மாதிரி இது என்றார் தலைமையாசிரியர். முதல் இரண்டையும் தூக்கிப் போடாமல் வகுப்பின் மூலையில் வைத்திருந்தார்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவள் கயிற்றின் தாழ்ந்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணாப்புப் பிள்ளைங்க கொக்கில மாட்டத் தெரியாம கீழயே போட்டுட்டுப் போறாங்க சார்" என்றாள். "கொக்கியத்தான் மாத்தணும்."